வசனமும் வாழ்வும்
அன்றாடத் தியான உரைகள் பற்றி ஒரு திறனாய்வு

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கிறித்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டினுள் நுழைவோர் இரண்டு பொருள்களைக் காணாது திரும்புதல் அரிது. ஒன்று, சுவரில் தொங்கும் வசன நாட்காட்டி. மற்றொன்று, ஓரம் மடிந்து, எண்ணெய்க் கறை படிந்து, திருமறையோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் அன்றாடத் தியான நூல். இரப்பர் மரங்கள் நிறைந்திருந்த நாளில், பெரட்டுக்குப் புறப்படுமுன் விளக்கொளியில் அந்நூலின் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பால்வாளியைத் தூக்கிய தாய்மாரை யான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். இன்று தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக் காடுகளாகிவிட்டன. லயங்கள் பல இடிக்கப்பட்டன. ஆயினும் அந்தப் பக்கம் மட்டும் மாறவில்லை. மேலே ஒரு வசனம், நடுவே சிறு விளக்கம், ஈற்றில் ஒரு வேண்டுதல். இதுவே அதன் அமைப்பு.

நாவலை எடுத்துப் படியாதவரும், கவிதையைக் கண்டு ஒதுங்குவோரும் நாள் தவறாது படிக்கும் தமிழ் உரைநடை இது. அங்ஙனமிருந்தும், இலக்கியப் பக்கங்களில் இதனை எவரும் எடுத்து ஆராய்தல் அரிதாகவே உள்ளது. பக்தி நூல்தானே என்று விட்டுவிடுகிறோம். எளிய மக்கள் விடியலில் முதன்முதலாகப் படிக்கும் எழுத்து எத்தகையது என்று கேட்பது தமிழாசிரியனின் கடமையன்றோ?

இதனை அளக்க அயல்நாட்டு அளவுகோல் எதுவும் நமக்கு வேண்டியதில்லை. நன்னூலார் உரையின் இலக்கணம் கூறுமிடத்துக் காண்டிகை உரை, விருத்தி உரை என இரண்டைக் காட்டுகிறார். விருத்தி விரிவானது. காண்டிகையோ சுருக்கமானது, எனினும் கருத்து, பதப்பொருள், காட்டு எனும் மூன்றையும் அது தரவேண்டும், அவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்து வருதலும் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய காலத்திலேயே இந்த நான்கும் எம் மனத்தில் பதிந்துவிட்டன. ஒரு பக்கத்தில் அடங்கும் தியான உரையும் ஒருவகைக் காண்டிகை உரையே. ஆதலின் இந்த நான்கையும் கொண்டே அதனை நோக்குவோம்.

அதற்குமுன் இவ்வகை எழுத்தின் பிறப்பைச் சிறிது அறிதல் நலம். செருமானிய நாட்டில் ஆலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சார்ந்த பொகாட்ஸ்கி என்பார் 1718இல் நாளுக்கொரு வசனமாகத் தொகுத்து ஒரு நூலை வெளியிட்டார். 1728இல் எர்ன்ஹூட் எனும் சிற்றூரில் சின்சென்டோர்ப் பிரபு, அங்கு வாழ்ந்த மொராவியச் சகோதரர்க்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாசகத்தை வழங்கத் தொடங்கினார். 1731ஆம் ஆண்டுக்கு அது நூலாகவே அச்சாயிற்று. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கும் அந்த ஆலே இயக்கத்தில் தோய்ந்தவரே. மொராவியரும் 1760இல் அவ்வூருக்கு வந்து குடியேறினர். எனவே, தமிழ்க் கிறித்தவத்தின் தொட்டிலுக்கு அருகிலேயே இவ்வழக்கம் இருந்தது எனலாம்.

ஈண்டு ஒன்று நினைக்கத்தக்கது. திருமறைக்கு வசன எண்கள் தொடக்கமுதல் இருந்தவை அல்ல. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசனப் பிரிவை அமைத்தவர் இரோபர்ட் எஸ்தியேன் எனும் அச்சகத்தார், ஆண்டு 1551. எண்ணிட்டபின் வசனத்தைத் தேடுவது எளிதாயிற்று, பறித்தெடுப்பதும் எளிதாயிற்று. மொராவியர் இத்தீங்கை ஓரளவு உணர்ந்திருந்தனர் போலும். பழைய ஏற்பாட்டு வாசகத்தைச் சீட்டெடுத்துத் தெரிந்தாலும், அதற்குத் துணையாகப் புதிய ஏற்பாட்டினின்று பொருந்தும் வாசகம் ஒன்றை ஆய்ந்து சேர்ப்பது அவர்தம் முறையாயிற்று. தனி வசனம் தவறான பொருள் தரக்கூடும் என்பதற்கு அதுவே ஒரு காப்பு.

இனி, முதலாவதாகிய கருத்தை எடுத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்குமுன் தோட்டம் ஒன்று கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. மலிவு விலை வீட்டுக்கு மனுச் செய்யும் தாள்களை எடுத்துக்கொண்டு யானும் வீடுவீடாகச் சென்றேன். மாணவன் ஒருவனின் தந்தை தாளை வாங்க மறுத்தார். சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டி, "ஐயா, புது வருச ஆராதனையில ஆண்டவர் எனக்குன்னு குடுத்த வசனம் இது. அவரே வழி காட்டுவாரு. நாம முந்திக்கிட்டா அது அவிசுவாசம்" என்றார். அட்டையிலிருந்தது எரேமியா 29ஆம் அதிகாரத்துப் 11ஆம் வசனம்: கடவுள் எண்ணுபவை தீமைக்கு அல்ல, நன்மைக்கே என்னும் ஆறுதல் மொழி. யான் அவரை வற்புறுத்தவில்லை. பல வாரங்கள் கழித்து அவரே பள்ளிக்கு வந்தபோது அந்த அதிகாரத்தை முதலிலிருந்து இருவரும் சேர்ந்து படித்தோம்.

அஃது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் உரைத்த இன்சொல், முந்திய அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியாவோ அதனை மறுத்து, எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறார். ஆகவே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், இருக்கும் நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்று ஐந்து முதல் ஏழு வரையுள்ள வசனங்களில் எழுதுகிறார். அதற்குப் பின்னரே 11ஆம் வசனத்தின் ஆறுதல் வருகிறது. ஏழாம் வசனத்திலும் பதினோராம் வசனத்திலும் எபிரேய மூலத்தில் வருவது ஒரே சொல். பழைய தமிழ்த் திருப்புதலும் இரண்டிடத்தும் சமாதானம் என்றே பெயர்த்துள்ளது. ஊரின் சமாதானத்தைத் தேடு என்பதும், உனக்குச் சமாதானம் உண்டு என்பதும் ஒரு கயிற்றின் இரு முனைகள். அட்டையை அச்சிட்டவர் ஒரு முனையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் வசனத்தைப் படித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வீடு கட்டுன்னுதானே எழுதியிருக்கு" என்றார். அன்றே மனு எழுதினோம். கெடு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது, மனு ஏற்கப்படவில்லை. அக்குடும்பம் சிரம்பானில் வாடகை வீட்டுக்குப் போயிற்று. அட்டையைத் தந்தவர்களின் நல்லெண்ணத்தை யான் ஐயுறவில்லை. ஆயினும், கருத்தை மறைத்த ஆறுதல் ஒரு குடும்பத்துக்கு என்ன விலை வைத்தது என்பதை யான் மறக்கவும் இல்லை.

அவ்வசனத்தில் ஓர் இலக்கண நுட்பமும் உண்டு. மூலத்தில் அங்கு வருவது பன்மை. ஒரு மக்கள் கூட்டத்தை நோக்கிய பேச்சு. தமிழிலோ 'உங்களுக்கு' என்பது பலரையும் குறிக்கும். மதிப்புக் கருதி ஒருவரையும் குறிக்கும். அட்டையில் தனியே படிப்பவர் அதனைத் தமக்கே உரிய மரியாதைச் சொல்லாகக் கொண்டுவிடுகிறார். ஆனால் பழைய திருப்புதலில் கடவுள் தனியொருவரிடம் பேசுங்கால் 'நீ' என்றே பேசுகிறார். ஆதலின் 'நீங்கள்' என வருமிடத்தில் ஒரு சமுதாயம் நிற்கிறது என்று அறிதல் வேண்டும். இதனைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத் தியான உரைகளில் யான் கண்டது மிகக் குறைவு.

இரண்டாவது பதப்பொருள். இயேசு பெருமான் கற்பித்த வேண்டுதலில் அன்றைய உணவைக் கேட்கும் பகுதியை அறியாதார் இலர். கிரேக்க மூலத்தில் உணவைக் குறிக்கும் சொல் அப்பம் என்பதே. சோதனைப் பகுதியில் அதே சொல்லை அப்பம் என்று பெயர்த்த பழைய திருப்புதலார், இவ்வேண்டுதலில் மட்டும் ஆகாரம் என்றனர். சோறுண்ணும் நாட்டில் அப்பம் பண்டிகைப் பலகாரமாகிவிடும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். இன்னும் நுட்பமானது அவ்வுணவுக்கு வரும் அடைமொழி. பிற கிரேக்க நூல்களில் காண்பதற்கரிய சொல் அது. நற்செய்தியாளரே அதனைப் படைத்தனர் போலும் என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன் கருதினார். அன்றாடத்துக்குரியது, தேவையானது, வரும் நாளுக்குரியது எனப் பலவாறு அதற்குப் பொருள் கூறுவர். பழைய திருப்புதல் 'வேண்டிய' என்ற பொருளைத் தேர்ந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அன்றாட' என்றது. நாட்கூலி பெற்ற குடும்பத்தில் இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. அன்றாடம் வருவது வேண்டிய அளவுக்கு வருகிறதா என்பதுதானே அவர்கள் வாழ்வின் கேள்வி? இத்தகைய சொல்லைத் தொட்டுக் காட்டாது, 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று முடித்துவிடும் உரை, பதத்தையும் விட்டது, படிப்பவரையும் விட்டது.

மூன்றாவது காட்டு, அஃதாவது எடுத்துக்காட்டு. நம் கைக்கு வரும் உரைகள் பலவற்றில் பனி பொழிகிறது, கணப்பு எரிகிறது, பேரங்காடியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் ஒருவர் பொறுமை இழக்கிறார். பெயர்த்து எழுதியோர் சொல்லைப் பெயர்த்தனர், நிலத்தைப் பெயர்க்கவில்லை. ஆங்கிலேயர் பனியனின் கதையை எடுத்துக்கொண்ட எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் அதனைத் தமிழ்க் காப்பிய மரபிற்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அவரைக் கிறித்தவக் கம்பர் என்று உலகம் போற்றுவது இதனாலேயே. அப்பெரும் பணியின் நிழலில் நிற்கும் நாம், ஒரு பக்கத்து உரையிலும் அயலார் வீட்டுக் குளிரைச் சொல்லிக்கொண்டிருத்தல் தகுமா?

மன்னாவின் கதையையே பாருங்கள். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் அது விடியலில் பொறுக்கப்படுகிறது. வெயில் ஏறினால் உருகிவிடுகிறது. மறுநாளைக்கு வைத்தால் புழுக்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? இருள் பிரியுமுன் வெட்டினால்தான் பால் நன்கு சுரக்கும். மழை வந்தால் மங்கில் விழுந்தது வீண். மருந்து சேர்க்காது வைத்த பால் கட்டியாகிவிடும். இந்தக் காட்டு நம் வாயிற்படியிலேயே கிடந்தது. ஆனால் அதனோடு நின்றுவிடுதலும் போதாது. அந்த அதிகாரம் மேலும் இரண்டு செய்திகளைக் கூறுகிறது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. ஆறாம் நாளில் இரட்டிப்பு உண்டு. ஏழாம் நாள் ஓய்வு. அடிமை வேலையினின்று அப்போதுதான் விடுதலை பெற்ற மக்கள் கற்ற முதற்பாடம், சரியளவும் ஓய்வுநாளும் ஆகும். மன்னா எனும் பெயர் தாங்கிய தியான ஏடுகள் தமிழில் உண்டு. அப்பெயரைச் சூடிக்கொள்வோர் இவ்விரண்டையும் பாட்டாளியிடம் மறைத்தல் முறையன்று.

நான்காவது வினாவும் விடையும். இங்கேதான் குறை மிகுதி. அன்றாட உரையில் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. ஐயம் எழுமுன் வேண்டுதல் வந்துவிடுகிறது. திருமறையோ அங்ஙனம் அன்று. 'எதுவரைக்கும்?' என்று 13ஆம் சங்கீதம் மீண்டும் மீண்டும் கேட்கிறது. ஆபகூக் முறையிட்டுவிட்டு, மறுமொழிக்காகக் காவல் மேடையில் நின்று காத்திருக்கிறார். யோபு கேட்ட கேள்விகள் ஒரு நூலையே நிரப்புகின்றன. இறுதியில் கடவுளால் கடியப்படுவோர் அவருக்கு ஆயத்தமான விடை கூறிய நண்பரே. வேலையும் வீடும் ஒருங்கே இழந்தவன் 'ஏன்?' என்று கேட்டால், அக்கேள்வியைப் பக்கத்தில் அச்சிடுவதே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை.

'களைத்த உழைப்பாளி இரண்டு நிமிடம் படிப்பது இது; அதில் இலக்கண ஆராய்ச்சி எதற்கு? ஆறுதல் போதாதா?' என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆறுதல் வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. கணவனை இழந்த இரவில் ஒரே ஒரு வசனம் தாங்கிப் பிடித்த பெண்களை யானும் அறிவேன். நீளமும் வேண்டாம் என்பதற்காகத்தான் விருத்தியை விட்டுக் காண்டிகையைக் கொண்டேன். எரேமியாவின் வசனத்துக்கு நான்கு வரி போதும்: இது நாடு கடத்தப்பட்டோர்க்கு வந்த கடிதம், இதில் பேசப்படுவோர் பலர், வீடு கட்டு, மரம் நடு என்பது இதன் முன்பகுதி, இன்று உன் ஊரில் நீயும் அயலானும் சேர்ந்து தேடவேண்டிய நலன் யாது? இதில் ஆறுதல் குறைந்துவிட்டதா? இல்லை, அதற்குக் காலும் கையும் முளைத்திருக்கின்றன.

பாபிலோனுக்குப் போனவர்கள் சிறைப்பட்டுப் போனவர்கள். நம் முன்னோர் கங்காணி காட்டிய வழியில் பிழைப்புத் தேடி வந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல. எனினும், திரும்பிப் போவோமா இங்கேயே வேரூன்றுவோமா என்ற கேள்வி இருவர்க்கும் பொது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, பாட்டாளிகளின் சிறுதொகையைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிற்று. அவர்களில் எத்தனை பேர் எரேமியாவைப் படித்தனரோ அறியேன். எரேமியா எழுதியதைச் செய்தனர் என்பது மட்டும் உண்மை.

தியான உரை எழுதும் அன்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வசனத்தைத் தருமுன் அதன் அதிகாரத்தை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுத் தாருங்கள். படிக்கும் அன்பர்களிடமும் ஒன்று. பக்கத்தைப் படித்தபின், பத்து நிமிடம் முன்னதாக எழ முடிந்த நாளிலேனும், திருமறையைத் திறந்து அவ்வசனத்தின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வகுப்பில் மாணவர்க்கு நாம் நாள்தோறும் சொல்வதும் இதுதான்: விடையை அடிக்கோடிடுமுன் பத்தி முழுவதையும் படி.