நிழற்படமும் பெயர் சுட்டா மரபும்

குடும்பத்தாரையும் பிறரையும் நிழற்படம் எடுப்பதிற் கலைஞர் சிலர்பால் ஒரு தயக்கம் காணப்படுகின்றது. இதனைக் கலைத்துணிவின் குறை என்பாரும் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

ஐந்திணை ஒழுக்கம் பாடுங்கால் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. நக்கீரரின் நெடுநல்வாடை தலைவியின் பிரிவுத்துயரை விரித்துரைப்பினும் புறமெனக் கொள்ளப்பட்டது. பாசறையில் வேந்தனுக்கு முன்செல்வோன் ஏந்திய வேலில் வேம்பு சூட்டிய செய்தி பாண்டியனைச் சுட்டிற்று என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஓர் அடையாளப் பூவே அகத்தைப் புறமாக்கியது எனின், முகத்தையே காட்டும் நிழற்படத்தின் நிலை என்னாம்? பெயர் கூறாதொழியினும், இன்னார் என்பதனை அது மறைப்பதில்லை. ஆதலின் இத்தயக்கம் அக்கலையின் இயல்பிலேயே தோன்றுவதாம்.

தயக்கம் எடுத்தற்கண்ணும் நிகழும், வெளியிடுதற்கண்ணும் நிகழும். எடாத படம் ஆய்வுக்கு எட்டாது. எனவே பின்னதனையே நோக்குவாம்.

அமெரிக்கக் கலைஞர் வாக்கர் எவான்சு 1938 முதல் 1941 வரை நியூயார்க்குச் சுரங்க இரயிலில் எதிரே இருந்தோரை, மேலங்கிக்குள் மறைத்த கருவியால், அவரறியாமற் படம் எடுத்தார். அவை நூலாக வெளிவந்தது 1966-இல். முகத்தை மறைக்கவியலாத கலை காலத்தைத் திரையாகக் கொண்டது எனலாம். எனினும் அவர் எடுக்கவே தயங்கியிருப்பின், பிறர் நோக்குவதை உணராத அம்முகங்கள் நமக்குக் கிட்டியிரா. இதனையும் மறத்தலாகாது.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் செய்தது வேறு. அவர்தம் தாயார் 1977-இல் மறைந்தார். அவர் ஐந்தாம் அகவையில் ஒரு கண்ணாடித் தோட்டத்தில் நின்ற படமே, 1980-இல் வெளிவந்த பார்த்தின் நிழற்பட நூலுக்கு உயிர்நிலை. பிற படங்கள் பல அந்நூலில் உள, அப்படம் இல்லை. தமக்குப் புண்ணாவது பிறர்க்கு வெறும் படமாகவே நிற்கும் என்பது அவர் கூறும் காரணம்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அகப்புலவர் பெயரை நீக்கியது ஒருவர் துயரம் எல்லார்க்கும் உரியதாதற்பொருட்டு. பார்த் படத்தை நீக்கியது தாயின் முகம் பொதுப்பொருள் ஆகாமைப்பொருட்டு. நோக்கம் முரணினும் பயன் ஒன்றாதல் வியப்பே. அச்சிடாத அப்படத்தின் இடத்தில், தாயை இழந்தார் ஒவ்வொருவரும் தம் தாயின் முகத்தையே காண்பர். இத்தகைய தயக்கத்தைக் குறையென்றல் பொருந்தாது.