வீட்டுக்கு முன்னால் உள்ள இடம்

நம் சிறு பத்திரிகைகளில் கவிதைக்கு விமர்சனம் உண்டு, நாவலுக்கு உண்டு, சினிமாவுக்கும் உண்டு. கட்டடத்துக்கு மட்டும் இல்லை. பிடிக்காத புத்தகத்தை மூடிவிடலாம். பிடிக்காத கட்டடத்துக்குள் ஜனங்கள் ஒரு தலைமுறை வாழ்ந்தாக வேண்டும். இந்த அலட்சியத்துக்கு நாமும் பொறுப்பு.

பேச்செடுத்தால் நம்மவர்கள் மயிலாப்பூர் மாட வீதித் திண்ணைகளைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். திண்ணை நல்ல கற்பனைதான். தனக்குச் சொந்தமான இடத்தில் வீட்டுக்காரன் வழிப்போக்கனுக்கும் உட்கார இடம் விட்டான். ஆனால் எந்த வழிப்போக்கனுக்கு? ஜாதி பார்த்தே அந்த இடம் கிடைத்தது. இதைச் சொல்லாத திண்ணைப் புலம்பல் வெறும் பழமை மோகம்.

மாட வீதியிலிருந்து கிழக்கே நடந்தால் நொச்சிக்குப்பம். அங்கே வீட்டுக்கு முன்னால் இருந்த மணல்தான் திண்ணை. படகு ஏறியது அங்கே. வலை காய்ந்தது, கிழிசல் பார்த்தது, மீன் விற்றது, ஊர் கூடியது எல்லாம் அங்கே. பட்டா கிடையாது, ஆனால் இன்ன இடம் இன்ன காரியத்துக்கு என்பது ஊருக்குத் தெரியும். கட்டடக் கலைக்கு இதைவிடத் தெளிவான ஆரம்பம் வேறென்ன வேண்டும்?

1970-ல் அமைந்த குடிசை மாற்று வாரியம் இந்தக் கரையிலும் அடுக்குக் குடியிருப்புகளை எழுப்பியது. ஓலை தீப்பிடிக்கும், கான்கிரீட் பிடிக்காது. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்றாம் மாடிக்காரன் வலையை எங்கே உலர்த்துவான்? கட்டடத்திடம் இதற்குப் பதில் இல்லை. மணல் இருக்கும்வரை அந்தக் குறை தெரியவில்லை. பிறகு கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அந்த மணல் மேலேயே சாலை வந்தது. 2023 ஏப்ரலில், உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து, சாலையோர மீன் கடைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டன. மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். யார் இடத்தை யார் ஆக்கிரமித்தது என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

2024 ஆகஸ்டில் 366 கடைகளுடன் அங்கே மீன் அங்காடி திறக்கப்பட்டது. வெயிலில் உட்கார்ந்து விற்ற பெண்களுக்குக் கூரை பெரிய விஷயம். ஆனால் மணல் செய்துவந்த பல காரியங்களில் விற்பனை ஒன்றுக்குத்தான் அங்காடி இடம் தந்தது. வாழ்க்கையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டுக்கு மட்டும் கட்டடம் எழுப்புவது நம் திட்டக்காரர்களின் வழக்கம்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடிந்திருக்கிறது. திருவனந்தபுரம் பூந்துறையில் 1974–75-ல் லாரி பேக்கர் மீனவர்களுக்கு வீடுகள் அமைத்தார். செலவு குறைந்த சிறிய வீடுகள். அவற்றை நேர்வரிசையில் நிறுத்தாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று வந்தது; நடுவே வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் இடம் கிடைத்தது. எளிமையான யோசனை. ஆனால் மீனவனின் பகல் எப்படிப் போகிறது என்று பார்த்தவனுக்குத்தான் அது தோன்றும்.

சென்னையில் அவ்வளவு நிலம் ஏது என்பார்கள். நொச்சிக்குப்பத்தில் நிலம் இருந்தது. அதைச் சாலைக்குக் கொடுத்தோம். ஆகவே பஞ்சம் நிலத்தில் இல்லை, மதிப்பீட்டில்.

சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி, மக்களை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்று இன்றைய திட்ட அறிக்கைகளில் வார்த்தைகள் நிறைய. கூரையில் சூரியத் தகடு வைப்பதும் மழைநீர் சேமிப்பதும் நல்லவைதான். ஆனால் ஒரு குடியிருப்பை மதிப்பிட எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே: பத்திரத்தில் எழுதாத, ஆனால் பிழைப்பு நடக்கிற இடத்தை அது விட்டுவைத்ததா, எடுத்துக்கொண்டதா? மாட வீதித் திண்ணைக்கும் இதே கேள்விதான். நொச்சிக்குப்பத்துக்கு அடுத்த வரைபடம் போடுகிறவர் முதலில் வலையின் நீளத்தை அளக்கட்டும்.