கூடப் படித்தவளின் முகம்

புராஜெக்ட் என்றதும் எங்கள் கே.கே. நகர் மாணவிகள் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். நான் அவர்களுக்கு ஹோமாய் வியாரவாலாவின் 1930களின் படங்களைக் காட்டுகிறேன். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தபோது அவருக்குக் கிடைத்த கரு, கூடப் படித்த பெண்கள்தான். குறிப்பாக, ரெஹானா மொகல். தெய்வமாகவோ நடிகையாகவோ இல்லாமல், படிக்க வந்த பெண்ணாகவே ரெஹானா தெரிகிறார். போஸ் கொடுத்த படங்கள்தான், இருக்கட்டும். ஓர் ஆணின் கேமரா முன்னால் அந்தச் சாவகாசம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஹோமாயின் ஆரம்பகாலப் படங்கள் சில, பின்னாளில் கணவரான மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சேறின. பெண், அதிலும் பெயர் தெரியாதவர். அதனால் மாணவிகளிடம் படத்தின் கீழே பெயரை எழுதச் சொல்கிறேன். கோபுரம் அங்கேயேதான் இருக்கும். தோழிக்கு அடுத்த வருஷம் கல்யாணம்.