மலைக்குகையும் கைகாட்டி மரமும்: சிறு மாதிரி ரயில்தளக் கலையும் செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையும்

மாதிரி ரயில்தளம் என்பது ஓர் இருப்புப்பாதையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, வண்டிகள் உண்மையாகவே ஓடும்படி பலகைமேல் அமைக்கும் கலையாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஐரோப்பாவில் வளர்ந்துள்ள இக்கலையில், பெருநகர நிலையங்களையும் விரைவு வண்டிகளையும் விட்டுவிட்டு, ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறக் கிளைப்பாதைகள் போன்ற எளிய தடங்களையே நாடும் ஒரு மரபு உண்டு. அம்மரபின் முறைகள் தமிழ்நாட்டில் எந்தப் பாதைக்கு இசைந்துவரும் என்று தேடினால், 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றுபோன செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும், அதனோடு இணைந்திருந்த தென்காசிச் சமவெளித் தடங்களுமே முதலில் வந்து நிற்கின்றன.

இம்மரபின் தொடக்கத்தில் வேடிக்கையைவிட இழப்புணர்வே மேலோங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்ட் என்பவர், தாம் விரும்பிய நாட்டுப்புறத்தின் வைக்கோல் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறிவருவதைக் கண்டு, அவற்றை அளந்து மாதிரிகளாகப் பதிவு செய்ய முனைந்தார். அம்முயற்சி 1954 முதல் லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. தண்டவாளத்துக்கு நிகராக நிலத்துக்கும் இடம் தர வேண்டும் என்பதை 1930-களின் பிற்பகுதியிலேயே செய்து காட்டிய ஜான் ஆஹெர்னின் ‘மேடர் வேலி’ தளமும் இன்று அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சிறு வீடுகளில் வாழ்ந்த ஆர்வலர்களுக்காக, ‘ரயில்வே மாடலர்’ இதழின் ஆசிரியர் சிரில் ஃப்ரீசர் அலமாரித் தட்டின் அளவுக்குள் அடங்கும் வரைபடங்களைப் பரப்பினார். பலகையின் ஒரு முனையில் பார்வைக்குரிய சிறு நிலையமும் மறுமுனையில் திரைக்குப் பின்னே வண்டிகளை மாற்றி நிறுத்தும் மறைவு யார்டும் இருக்கும். யார்டிலிருந்து புறப்படும் வண்டி உலகின் எப்பகுதியிலிருந்தும் வந்ததாகக் கொள்ளப்படும். நாடக மேடையின் பக்கத்திரை செய்யும் வேலையையே இந்த யார்டும் செய்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளைப்பாதைகள் இவ்வமைப்புக்கு ஏற்றவையாக இருந்ததற்குக் காரணம் அவற்றின் ஏழ்மையே. டே ஏரிக்கரையிலுள்ள கில்லின் ஊருக்கு 1886-இல் திறக்கப்பட்ட பாதையில் ஒரு சிறு எஞ்சினும் ஓரிரு பெட்டிகளுமே பெரும்பாலும் ஓடின. ஆகவே அங்கு ஓடிய முழு வண்டியையும் எதையும் குறைக்காமல் ஒரு கை நீளத்துக்குள் செய்துவிட முடிகிறது. 1902-இல் திறந்த டோர்னாக் கிளை 1960-இலும், 1903-இல் திறந்த பாலகூலிஷ் கிளை 1966-இலும் மூடப்பட்டன. நட்டப் பாதைகளைக் களையச் சொன்ன பீச்சிங் அறிக்கை 1963-இல் வெளிவந்து, இரண்டே ஆண்டுகளில் கில்லின் கிளையும் மறைந்தது. அதே ஸ்காட்லாந்தில் 21 கண்களோடு புகழ்பெற்ற கிளென்ஃபின்னன் பாலம் இருந்தும், தேர்ந்த கலைஞர்கள் பலர் அதை விட்டு ஒற்றை நடைமேடை நிலையங்களை நாடியது கவனத்துக்குரியது. பாலத்தில் வண்டி கடந்துபோவதைத் தவிர வேறொன்றும் நிகழ்வதில்லை. நிலையத்திலோ எஞ்சின் கழற்றப்படும், சரக்குப்பெட்டி ஒதுக்கப்படும், கைகாட்டி இறங்கும்.

தென்காசிப் பக்கம் திரும்பினால், திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரையிலான பாதை 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் தென்னிந்திய ரயில்வேயால் அமைக்கப்பட்டது. மலையைக் கடந்து கொல்லம் செல்லும் பகுதி 1904-இல் இணைந்தது. விருதுநகரிலிருந்து வந்த தடம் 1927-இல் தென்காசியைச் சந்திப்பு நிலையமாக்கியது. மூன்று திசையிலும் மீட்டர் கேஜாகவே, அதாவது தண்டவாளங்களுக்கிடையே சரியாக 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுடன், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்த இவ்வலை படிப்படியாகப் பிராட் கேஜ் என்னும் அகலப்பாதைக்கு மாற்றப்பட்டது: விருதுநகர் தடம் 2004-இலும் திருநெல்வேலித் தடம் 2012-இலும் மாறின, மலைப்பகுதி முழுமையாகத் திறக்கப்பட்டது 2018-இல்.

இப்பாதையை மாதிரியாக்க நினைக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது கழுதுருட்டிக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலமே. கருங்கல்லில் எழும்பிய அப்பாலம் அகலப்பாதைக்காக வலுப்படுத்தப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. சுமார் 100 மீட்டர் நீளமுள்ள அதை, மாதிரி ரயில்களில் பரவலாக வழங்கும் விகிதமான 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 115 சென்டிமீட்டர் வரும் என்பதால், இடமும் ஒரு தடையன்று. ஆயினும் ஸ்காட்டிஷ் மரபு கற்றுத்தரும் பாடத்தை ஏற்றால் பாலத்தைவிடப் பகவதிபுரமே சிறந்த தேர்வாகும். தமிழ்நாட்டு எல்லைக்குள் மலையடிவாரத்தில் அமைந்த கடைசி நிலையம் அது. அதைத் தாண்டியதும் ஆரியங்காவை நோக்கிச் செல்லும் நீண்ட குகை வந்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அக்குகை மேற்கண்ட விகிதத்தில் 10 மீட்டர் அளவு நீளும்; அதை முழுதாகச் செய்ய வேண்டியதே இல்லை, குகைவாயை மட்டும் கட்டினால் போதும். ஆங்கிலேயத் தளங்களில் மறைவு யார்டை ஒளிக்கச் சாலைப்பாலம், மரத்தோப்பு என்று ஏதேனும் சாக்குத் தேட வேண்டியிருக்க, இங்கே இயற்கையமைப்பே அந்தத் திரையைத் தந்துவிடுகிறது. மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி சுமார் 19.5 மீட்டர் நீளம்; மூன்று பெட்டிகளும் ஓர் எஞ்சினும் மாதிரியில் ஏறத்தாழ 85 சென்டிமீட்டரில் அடங்கும் என்பதால், இரு பாயிண்டுகளோடு கூடிய கடவுத்தடத்தை இரண்டரை மீட்டர் பலகையில் நெருக்கடியின்றி அமைக்கலாம்.

விகிதத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. பிரிட்டனில் பெருவழக்காக உள்ள 4 மில்லிமீட்டர் அளவு, அதாவது ஓரடியை 4 மில்லிமீட்டராகக் கொள்ளும் 76.2-இல் ஒரு பங்கு, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு இணைந்தே வந்தது. அவ்விகிதத்துக்கு உண்மையில் 18.83 மில்லிமீட்டர் வேண்டும் என்பதால், அங்குள்ள கறாரான கலைஞர்கள் தங்கள் தண்டவாளத்தைத் தாங்களே செய்துகொள்கின்றனர். இந்தியப் பிராட் கேஜை 87-இல் ஒரு பங்காக்கினால் 19 மில்லிமீட்டருக்குமேல் வர, கடையில் கிடைப்பதோ அதே 16.5 என்பதால், பெட்டிகள் ஒடுங்கிய சக்கரங்களின்மேல் நிற்பதுபோலத் தோன்றும். மீட்டர் கேஜில் இச்சிக்கல் இல்லை. 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிடுகிறது. வறியதென்று ஒதுக்கப்பட்ட கேஜே மாதிரிக் கலையில் உண்மைக்கு மிக நெருங்கி வருகிறது.

ஆனால் சுவிஸ் தண்டவாளத்தின் மரக்கட்டைகளை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. இந்தியத் தடங்களில் மரக்கட்டைகளோடு, வார்ப்பிரும்பாலான ஸ்லீப்பர்களும் பெருமளவில் பயன்பட்டன. ஒவ்வொரு தண்டவாளத்தின் அடியிலும் தனித்தனி இரும்புத் தட்டு அமர்ந்திருக்க, இரண்டையும் ஒரு குறுக்குப் பட்டை இணைக்கும். ஜல்லி நிரம்பிய தடத்தில் அப்பட்டை புதைந்துபோய், கண்ணுக்கு இரு வரிசைத் தட்டுகள் மட்டுமே தெரியும். இதை உருவாக்க, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் தட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு நிலையத்துக்கே நூற்றுக்கணக்கில் தேவைப்படும். மீட்டர் கேஜ் பெட்டிகளின் முனையும் அவ்வாறே: ஸ்காட்டிஷ் பெட்டிகளில் இருபுறமும் உள்ள மோதுதாங்கிகளுக்குப் பதிலாக இங்கே நடுவில் ஒரே ஒரு தாங்கியும் அதனோடு கொக்கியும் இருக்கும். இந்த ஒற்றைத் தாங்கி இல்லாத மாதிரி, எத்துணை நேர்த்தியாக வண்ணமிடப்பட்டாலும், அப்பாதையில் பயணித்தோர் கண்ணுக்கு அந்நியமாகவே படும்.

எஞ்சின்களைப் பொறுத்தவரை ஸ்காட்லாந்தோடு நேரடித் தொடர்பே உண்டு. இந்திய மீட்டர் கேஜ் தடங்களில் பரவலாக ஓடிய ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்களில் பெரும்பகுதி ஜாம்ஷெட்பூர் டெல்கோ ஆலையில் உருவானாலும், ஒரு தொகுதி கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனியில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. பிற்காலத்தில் செங்கோட்டை மலைப்பாதையை ஆண்டது ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சின். ஏற்றத்தில் வண்டியின் முன்னே ஓர் எஞ்சினும் பின்னே தள்ளுவதற்கு மற்றொன்றும் இணைக்கப்பட்டன. மூன்று பெட்டிக்கு இரண்டு எஞ்சின் என்று மாதிரியில் ஓட்டினாலும் அது மிகையாகத் தோன்றாது.

ஓட்டும் முறையிலும் இரு நாட்டுப் பாதைகளும் உறவுடையவை. ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க, ஸ்காட்லாந்தில் டேப்லெட் என்னும் வட்டத் தகடு ஓட்டுநருக்குக் கொடுக்கப்பட்டது. இங்கே பந்து டோக்கன் அவ்வேலையைச் செய்தது. அடுத்த நிலையத்தின் இசைவுடன் மட்டுமே கருவியிலிருந்து வெளிவரும் அந்தப் பந்தைத் தோல்பையில் இட்டு, பெரிய வளையத்தோடு எஞ்சினை நோக்கி நீட்டுவார்கள்; முந்தைய பிரிவின் வளையம் அதே இடத்தில் திரும்பக் கிடைக்கும். தளத்தை இயக்குவோர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால், ஒரு வண்டி வந்து, மற்றொன்று காத்திருந்து, கைகாட்டி இறங்கிப் புறப்படும் வரை பத்து நிமிடம் போதாமல் போகும். சிறு தளத்தின் இன்பம் முழுவதும் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

நிலத்தோற்றத்தில் ஒரு மயக்கத்தைத் தவிர்த்தாக வேண்டும். தென்காசி என்றதும் குற்றாலம் நினைவுக்கு வருவதால், பேரருவியையோ ஐந்தருவியையோ தண்டவாளத்தின் அருகில் பொழியவிடும் ஆசை எழும். குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. அருவிக்குச் செல்வோர் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கிச் சாலைவழிதான் போக வேண்டும். அருவியைப் பின்திரை ஓவியத்தில், மேகம் கவிந்த மலைச்சரிவில் ஒரு வெள்ளைக் கீற்றாகக் காட்டினால் தூரமும் உண்மையும் இரண்டுமே காக்கப்படும். அதைவிட முக்கியமானது பருவம். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவரும் ஆனி, ஆடியில் மலையடிவாரத்துப் புளியரை வயல்களில் கார் சாகுபடி இளம்பச்சையாக நிற்கும். மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்த தாள் மட்டும் மிஞ்சி, வரப்பும் பனையும் சாம்பல் படிந்திருக்கும். இரண்டையும் ஒரே பலகையில் கலப்பது, கலைஞர் அந்நிலத்தைப் பார்க்கவில்லை என்பதற்குச் சான்றாகிவிடும். சாரல் பருவத்தைத் தேர்ந்தவர் ஓட்டுக்கூரையில் பாசி, நடைமேடையில் ஈரம், ஜல்லியில் துருவின் அடர்ந்த நிறம் எனச் சிறு குறிப்புகளாலேயே மழையை உணர்த்த முடியும்.

இந்தியாவில் இக்கலைக்குப் பொதுமுகம் தந்தவற்றுள் முதன்மையானது, புனே கோத்ரூட்டில் பாவ்சாகேப் ஜோஷி உருவாக்கி 1998-இல் திறந்த சிற்றளவு ரயில் அருங்காட்சியகம். பல வகை வண்டிகள் ஒரு கற்பனை நகரைச் சுற்றிவரும் காட்சியாக அமைந்த அது ரயிலின் பரப்பை அறிமுகப்படுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட ஊரின் ஒரு குறிப்பிட்ட ஆண்டை மீட்டுத்தரும் வேலை வேறானது. அதற்குரிய கைத்திறன் தென்காசி வட்டாரத்தில் முன்பே உண்டு. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மண் பரப்பி, கேழ்வரகோ கடுகோ விதைத்து வயலாக்கி, தட்டில் குளமும் தெர்மாகோலில் மலையும் வைத்து, அதன் நடுவே சாவி ரயிலை ஓடவிடும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானதே. அதே பாதையிலுள்ள அம்பாசமுத்திரம் மரச்சொப்புகளுக்குப் பேர்போனது. சிறு குடத்தையும் உரலையும் கடைசலில் உருட்டியெடுக்கும் அந்தக் கைகளுக்கு நீர்த்தொட்டியும் கைகாட்டிக் கம்பமும் புதியவை அல்ல.

ஆய்வுக்கு இன்று எஞ்சியிருப்பவை வேகமாகக் குறைகின்றன. அகலப்பாதைக்காகப் பல நிலையங்களில் நடைமேடை உயர்த்தப்பட்டு, கட்டடமும் தடமும் இடம் மாறிவிட்டதால், புகைப்படத்தில் தெரியாத அளவுகளை நேரில் சென்று எடுக்கும் வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் சுருங்குகிறது. பழைய கால அட்டவணை எப்படியிருந்தது, பாயிண்டு இழுகோல் எங்கே நின்றது, கேங்மேன் குடிசையின் கதவு எத்திசை நோக்கியிருந்தது, சுவரின் சுண்ணாம்பில் காவி எவ்வளவு கலந்தது போன்ற கேள்விகள் ரயில்வே வரலாற்று நூல்களில் எழுவதில்லை. பலகையில் கதவை ஒட்டவேண்டிய நேரத்தில்தான் எழுகின்றன. அவற்றுக்கு விடை சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற நிலைய அதிகாரிகளும் கேங்மேன்களும் கேட் கீப்பர்களும் செங்கோட்டையிலும் தென்காசியிலும் பாவூர்சத்திரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். தளத்தை வரையத் தொடங்குவோர் அளவுகோலை எடுப்பதற்கு முன் அவர்களிடம் செல்வதே முறை.