மீன் தொட்டியின் நீர்மட்டக் காவலன்

மீன் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தூய நீர் மட்டுமே. கரைந்த உப்புகள் தங்கிவிடுவதால், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீர்த் தொட்டியில் மட்டம் குறையக் குறைய உவர்ப்பு ஏறிப் பவளங்கள் வாடத் தொடங்குகின்றன. குறைந்த நீரைத் தானே ஈடுசெய்யும் எளிய மின்னணுக் கட்டுப்படுத்தியின் அழகெல்லாம் அதன் மிதவைச் சுவிட்சில் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் வால்டர் எல்வுட் 1936இல் உருவாக்கிய ரீட் சுவிட்ச், அதாவது கண்ணாடிக் குழலுக்குள் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, காந்தம் நெருங்கினால் ஒன்றையொன்று தொடும் இரு மெல்லிய உலோகத் தகடுகள், அதன் தண்டுக்குள் ஒளிந்திருக்க, காந்தம் பொதிந்த மிதவை நீரோடு ஏறி இறங்குகிறது. மின்சாரம் நீரைத் தீண்டுவதே இல்லை. செம்புக் கம்பிகளை நீரில் அமிழ்த்தி மட்டம் அறியும் மலிவான முறை, கரையும் செம்பு இறால்களுக்கு நஞ்சாவதால், இங்கு ஆகவே ஆகாது.

சுவிட்ச் ஒரு டிரான்சிஸ்டரையும், அது ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சையும் இயக்க, சேமிப்புக் கலனிலிருந்து நீரேற்றும் 12 வோல்ட் பம்பு ஓடுகிறது. ரிலேச் சுருள் அணையும் கணத்தில் எழும் எதிர்மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காதபடி சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு தலைகீழாக இணைக்கப்படுகிறது. சிக்கனம் பார்க்கத் தகாத இடம் இது. ஒற்றை மிதவை சிற்றலைக்கே ஆடிப் பம்பைப் படபடக்க வைக்குமாதலால், கீழ்மிதவை தொடங்க, மேல்மிதவை நிறுத்தும் இரட்டை அமைப்பே சிறந்தது. நீர் விடும் குழாயின் முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மூழ்கினால், பம்பு நின்ற பிறகு தொட்டி நீர் தாழ்ந்த சேமிப்புக் கலனுக்குத் திரும்பி வடிந்துவிடும்.