பழைய இசைத்தட்டும் புதிய செவியும்

இளமையில் நேசித்த இசையை நடுவயதைக் கடந்தபின் மீண்டும் கேட்கையில், நாம் கேட்பது அவ்விசையையா, அன்றி நம் இளமையையா என்னும் வினா எழுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவது திறனாய்வின் கடமை. இலண்டனில் பள்ளி மாணவராயிருந்த நாட்களில் நாம் பெரிதும் விரும்பிய பங்க் இசைத்தட்டொன்றை அண்மையில் மீண்டும் கேட்க நேர்ந்தது. அவ்வனுபவத்தை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

1976ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் எழுந்த பங்க் இயக்கம், இசைப்பயிற்சி பெறாதோரும் மேடையேறலாம் என்று துணிந்து கூறிற்று. சில எளிய சுருதிக் கோவைகள், விரைந்த தாளம், உரத்த குரல் ஆகியனவே அதன் கருவிகள். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் பாடியதைத் தம் 19ஆம் பிறந்தநாளில் கண்ட மங்கையொருவர், தாமும் ஒரு குழு அமைக்க எண்ணிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். தந்தை சோமாலியர்; தாய் பிரித்தானியர். தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்து பாலி ஸ்டைரீன் என்னும் பெயரைத் தெரிந்துகொண்டார். அது மலிவான பிளாஸ்டிக்கின் பெயர். அவர் குழுவாகிய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் 1978இல் வெளியிட்ட 'ஜெர்ம்ஃப்ரீ அடலசன்ட்ஸ்' என்பதே நாம் குறிப்பிடும் இசைத்தட்டு.

அன்று நாம் அதில் கேட்டது கூச்சலை மட்டுமே. கிட்டாரின் இரைச்சலுக்கு மேல் சாக்ஸபோன் ஊதி எழுவதும், அதற்கும் மேலாக அக்குரல் கிளம்புவதும் நம்மைத் துள்ளச் செய்தன. பெற்றோர் கதவைத் தட்டியது நம் மகிழ்ச்சியை இரட்டிப்பாக்கிற்று. தட்டின் பெயரைத் தாங்கிய பாடலோ மந்த நடையுடையது. ஆகவே ஊசியைத் தூக்கி அடுத்த பாடலில் வைத்துவிடுவோம்.

இன்று நம்மைத் தடுத்து நிறுத்தியது அப்பாடலே. கிருமிக்கு அஞ்சித் தூய்மையையே நாடி, பிறர் அருகே வரவும் கூசும் இளைஞரின் தனிமையை அது மென்மையாகச் சொல்கின்றது. ஏனைய பாடல்களையும் உற்றுக் கேட்டோம். செயற்கைப் பொருள்கள் நிறைந்த உலகு, விளம்பரம் வனைந்து தரும் முகம், தன் உருவத்தைக் கண்ணாடியிலும் திரையிலும் தேடும் பெண் ஆகியனவே பொருள். கையடக்கத் திரையில் தம் முகத்தையே நோக்கியிருக்கும் இன்றைய தலைமுறைக்கு இவை அந்நியமல்ல. அவற்றை எழுதியபோது அவருக்கு வயது 21க்கு மேலில்லை. அவர் சினத்தைவிட நகைச்சுவையையே மிகுதியும் கையாண்டார் என்பதையும் இப்போதே உணர்கிறோம்.

அன்றியும், நாம் ஆடிக் களித்த அதே காலத்தில் அவர் மனநலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். நோய் இன்னதென்று தவறாகக் கணிக்கப்பட்டது. இருமுனை மனநோய் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. 1979இல் குழு கலைந்தது. 2011இல் அவர் மறைந்தார். அக்குரலை நேசித்தோம், அது கூறியதைச் செவிமடுத்தோமில்லை. நம் நேசம் பொய்யன்று. ஆயினும் அது செவிட்டு நேசமாயிருந்தது.

பங்க் இசை முழுவதையும் இவ்வாறு போற்றவியலாது. அதிர்ச்சியூட்டுவதற்கென்றே நாத்சிச் சின்னத்தை அணிந்தோர் அதில் இருந்தனர். அதனை இளமையின் விளையாட்டென்று மன்னித்துவிட இயலாது. இனவெறியை எதிர்த்து 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் நிகழ்ந்த பெருங்கூட்டத்தில் பாலி ஸ்டைரீன் பாடினார் என்பதையும் உடன் நினைவுகூர வேண்டும். இவ்விரண்டும் ஒரே இயக்கத்தின் வரலாறே.

பழைமையேக்கம் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடும். 2016இல் பங்கின் நாற்பதாம் ஆண்டுவிழா இலண்டனில் கொண்டாடப்பட்டபோது, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளராயிருந்தவரின் மகன் ஜோ கோரே, 50 இலட்சம் பவுன் பெறுமென்று தாம் கூறிய பங்க் நினைவுப்பொருள்களைத் தேம்ஸ் நதியில் படகொன்றில் வைத்து எரித்தார். அது வீண் ஆரவாரம் என்றோரும் உளர். எனினும், கிளர்ச்சியின் குரல் காட்சிப்பொருளாகிவிட்டது என்னும் அவர் முறையீட்டைப் புறக்கணிக்க முடியாது. நாமும் நம் தட்டை அவ்வாறே அலமாரியில் வைத்திருந்தோம்.

இதனை எழுதுகையில் அடுத்த அறையில் இளைஞர் சிலர் நமக்குப் புரியாத இசையொன்றை உரக்க ஒலிக்கச் செய்கின்றனர். ஒலியைக் குறைக்குமாறு சொல்லவே முதலில் எழுந்தோம். பின்னர், அப்பாடல் எதைப் பற்றியது என்று வினவினோம். அவர்களுக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. மீண்டும் ஒருமுறை, அவர்களோடு அமர்ந்து கேட்டோம்.