இரு தன்வரலாறுகளும் ஒரு வடுவும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1974-இல் சட்டப்பட்டம் பெற்ற கருப்பினத்தவர் கிளாரன்சு தாமசு. இன முன்னுரிமையால் வந்ததென அப்பட்டத்தைப் பணி தருவோர் குறைத்து மதித்தமையின், சுருட்டுப் பொதியினின்று உரித்த 15 சென்ட் விலைச்சீட்டை அதன் சட்டகத்தில் ஒட்டியதாகத் தன்வரலாற்றில் (2007) உரைக்கின்றார். அங்கேயே 1979-இல் தேறிய சோனியா சோட்டோமேயரோ, போர்ட்டோ ரிக்கோ மரபினர் அல்லராயின் இடம் கிடைத்திருக்குமோ எனத் தம்மை வினவிய வழக்கறிஞர்மேல் முறையிட்டதைத் தம் நூலிற் (2013) கூறுகின்றார்.

வடு ஒன்றே. தாமசு அதனை முன்னுரிமையின்மேல் ஏற்றுவர், சோட்டோமேயர், வினவினார்மேல். பின்னதே பொருந்தும் என்போம். பழைய மாணவரின் மக்கள் என்பதால் முன்னுரிமை பெறுவாரை நோக்கி அவ்வினா எழக் காணோம். ஆயின், எழுத்து என்ற அளவில் தாமசின் விலைச்சீட்டே நம் நெஞ்சில் தைக்கின்றது. 2023-இல் உச்சநீதிமன்றம் சேர்க்கையில் இனங்கருதுதலை விலக்கியபோது, நடுவராயிருந்த இருவரும் எதிரெதிர் நின்றனர். அவ்விரு தீர்ப்புரைகளையும் இந்நூல்களோடு ஒருங்குவைத்துப் பயிலல் வேண்டும்.